மாநிறம்

ஆவுடைச்செல்வியின் அக்கா பார்வதி, முகத்துக்குப் பூசிய களிம்பால் செத்துப்போனாள். பெண் பார்க்க வந்த மூன்று வீட்டார் வரிசையாகத் தட்டிக் கழித்த பிறகு, யாரோ சொன்னார்கள் என்று அவளே வாங்கிப் பூச ஆரம்பித்த களிம்பு அது. அதில் பாதரசம் இருந்தது. மேலே தோலை வெளுக்க வைத்துக்கொண்டே அது உள்ளே இறங்கிச் சிறுநீரகங்களைத் தின்றுவிட்டது. தென்காசியில் அவளைக் குளிப்பாட்டிக் கிடத்தியபோது, சுற்றி நின்ற பெண்களில் ஒருத்தி, "கடைசில எம்புட்டு வெளுப்பா ஆயிட்டா பாரேன்" என்றாள். அந்தக் குரலில் இரக்கத்தோடு கொஞ்சம் வியப்பும் இருந்தது. பள்ளியை முடித்திராத ஆவுடை, அழுவதை நிறுத்திவிட்டு அந்தப் பெண்ணின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பிறகு அவள் நிறத்தைப் படித்தாள். ஒளியின் இயற்பியலில் தொடங்கி, கண்ணின் நரம்புகள் வழியாக மூளைவரை போனாள். நிறம் பொருளில் இல்லை, பார்க்கிறவரின் தலைக்குள்தான் உண்டாகிறது என்பது முதல் வருடப் பாடம். கூடப் படித்தவர்கள் அதைத் தேர்வுக்கு எழுதிவிட்டு மறந்தார்கள். ஆவுடை மறக்கவில்லை. தலைக்குள் உண்டாவதை அங்கேயே திருத்திவிட முடியாதா என்று யோசித்தாள்.

அதற்கான காலமும் வந்திருந்தது. குழந்தைகளைப் பள்ளியில் சேர்க்கும்போதே கண்ணுக்குள் வில்லை பொருத்திவிடுவது அதற்குள் நாடெங்கும் வழக்கமாகிவிட்டது. பெரியவர்களும் பொருத்திக்கொண்டார்கள். செல்போன் செய்த வேலையை எல்லாம் அந்த வில்லை செய்தது. வருகிற பேருந்தின் எண், பாடப் புத்தகம், போகும் வழி எல்லாமே பார்வையிலேயே எழுந்து நிற்கும். பார்ப்பதை மாற்றிக் காட்டவும் அதனால் முடியும். தரமணியில் ஓர் ஆய்வுக்கூடத்தில் ஆவுடை எழுதிய நிரல் ஒன்றே ஒன்றைத்தான் மாற்றியது. கண்ணில் படும் மனிதத் தோல் முழுவதையும் ஒரே நிறமாக்கிக் காட்டியது. சுருக்கம், தழும்பு, தாடி எல்லாம் அப்படியே இருக்கும். நிறம் மட்டும் எல்லாருக்கும் ஒன்று. அதற்குச் சமநிறம் என்று பெயர் வைத்தாள்.

அரசாங்கம் அதைச் சட்டமாக்க முன்வந்து, எந்த நிறத்தைக் காட்டுவது என்று முடிவு செய்ய ஒரு குழுவைப் போட்டது. அறிவியலுக்கு ஆவுடை. கலைக்கு, முகங்களை வரைவதில் பேர் பெற்ற எஸ்தர். வடிவமைப்புக்கு, வில்லையில் தெரியும் எழுத்தையும் படத்தையும் அழகுபடுத்தும் நிவேதன். மருத்துவத்துக்கு, குழந்தை மருத்துவர் ஷாஜகான்.

"தமிழ்நாட்டுல எல்லா ஜில்லாவுலயும் தோலை அளந்து சராசரி எடுத்திருக்கேன்" என்று ஆவுடை திரையில் காட்டினாள். உழுது போட்ட ஈர மண்ணின் நிறம்.

நிவேதன் தலையை ஒரு பக்கம் சாய்த்துப் பார்த்தான். "சராசரியை யாரும் கண்ணாடியில பாக்க ஆசைப்பட மாட்டாங்க மேடம். சோதனைக்கு வந்தவங்கள்ல முக்கால்வாசிப் பேர் இதைப் பாத்ததும் கழட்டிருங்கன்னு சொல்லிட்டாங்க. கொஞ்சம் பால் ஊத்துவோமே."

எஸ்தர் சத்தமாகச் சிரித்தாள். "தோலுக்கு ஒரு நிறம்னு யாருங்க சொன்னது? ஒரு முகம் வரையணும்னா நான் பச்சை, ஊதா, செங்கல்னு எல்லாத்தையும் எடுக்கணும். நெத்தியில மஞ்சள் ஓடும். மூக்கு நுனி சிவக்கும். தாடைக்கிட்ட பச்சை இருக்கும். பசிச்சா ஒண்ணு, கோவம் வந்தா ஒண்ணு. அடியில ரத்தம் ஓடிக்கிட்டே இருக்குல்ல? நீங்க ஒரே நிறமாப் பூசினா அது முகமா இருக்காது."

"அவங்க சொல்றதுதான் எனக்கும்" என்றார் ஷாஜகான். "உதடு, நகம், கண்ணு. பாதி நோயை நான் நிறத்தை வெச்சுத்தாம்மா பிடிக்கிறேன். ஆஸ்பத்திரிக்குள்ள இது வேண்டாம்."

"ஆபரேஷன் தியேட்டருக்கும் தீவிர சிகிச்சைக்கும் விலக்கு குடுத்துரலாம் சார். வார்டுக்கு முடியாது. எங்க அக்கா வார்டுல கெடந்தப்ப நர்ஸுங்க யாரைத் தொட்டுப் பேசினாங்க, யாரைத் தள்ளி நின்னு அதட்டினாங்கன்னு நான் பாத்திருக்கேன். அதுக்காகத்தான் இதைச் செஞ்சதே. நோய்க்கு ரத்தப் பரிசோதனை இருக்கு."

"சந்தேகம் வந்தாத்தானே பரிசோதனைக்கு அனுப்புவோம்?"

ஓட்டெடுப்பில் ஷாஜகான் தோற்றார். எஸ்தர் அடுத்த கூட்டத்துக்கே வரவில்லை. ஈர மண் நிறத்தில் நிவேதன் தவணை தவணையாகப் பால் ஊற்றிக் கடைசியில் டிகாஷன் குறைந்த காபி போலாக்கினான். முகம் எடுப்பாகத் தெரிய வேண்டுமென்று கண்ணின் வெள்ளையையும் பளிச்சென்று ஆக்கினான். ஆவுடை இரண்டுக்கும் சம்மதித்தாள். எல்லாருக்கும் ஒன்றாக இருந்தால் போதும், எதுவாக இருந்தால் என்ன என்று அவளுக்குத் தோன்றியது.

ஆரம்பத்தில் எல்லாம் அவள் நினைத்தபடியே நடந்தது. துணிக்கடையில் விற்பனைப் பெண்கள் அவள் கேட்காமலேயே வெளிர் நிறங்களையும் எடுத்துப் போட்டார்கள். நேர்காணலில் எதிரே இருந்தவர்கள் கண்ணைப் பார்த்துப் பேசினார்கள். நிரலை எழுதியவள் என்பதால் அதைத் திறக்கும் சாவி அவளிடம் இருந்தது. இமைகளை இறுக மூடி, குறித்த ஒரு தாளத்தில் அசைத்துத் திறந்தால் போதும், அவள் இருக்கும் அறையில் எல்லார் வில்லையிலும் சமநிறம் விலகும். அவள் ஒருநாளும் திறந்ததில்லை. அதைத் தன் நேர்மையாகவே நினைத்திருந்தாள்.

பாலம் கட்டும் பொறியாளன் தணிகைவேல் அவள் பேச்சில் மயங்கி அவளைக் கட்டிக்கொண்டான். அவள் உண்மை நிறத்தை அவன் பார்த்ததில்லை. அவனுடையதை அவளும் பார்த்ததில்லை. பெண் குழந்தை பிறந்ததும் அக்காவின் பெயரையே வைத்தார்கள். பாரு என்று கூப்பிட்டார்கள்.

பாரு சமத்துக் குழந்தையாக இருந்தாள். அழவே மாட்டாள். தூங்கிக்கொண்டே இருப்பாள். பால் கொடுத்தால் இரண்டு வாய் குடித்துவிட்டுக் கண்ணை மூடிக்கொள்வாள். வீட்டுக்கு வந்து பார்த்த நர்ஸ் கையைக் காலை அசைத்துப் பார்த்து, "இப்படி ஒரு பாப்பா கிடைக்கக் குடுத்து வெச்சிருக்கணும்" என்று சொல்லிவிட்டுப் போனாள். எல்லார் கண்ணுக்கும் குழந்தை காபி நிறத்தில் தளதளவென்று இருந்தது. எப்போதாவது திறந்த கண்ணில் வெள்ளை பளிச்சென்றிருந்தது.

பிறந்த வாரம் முடிவதற்குள் ஒரு மத்தியானம், பாரு வில்லாக முதுகை வளைத்து வீறிட்டாள். குழந்தை அழுகிற சத்தமாகவே அது இல்லை.

அள்ளிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினார்கள். ஷாஜகான் வார்டில்தான் இருந்தார். குழந்தையைத் தொட்டுப் பார்த்தார். தலையைத் தூக்கிப் பார்த்தார். பிறகு ஆவுடையிடம் திரும்பி, "உங்ககிட்ட சாவி இருக்குல்ல? திறங்க" என்றார்.

அவள் இமைகளை இறுக மூடித் திறந்தாள்.

பாரு சாமந்திப் பூ நிறத்தில் கிடந்தாள். முகம், வயிறு, தொடை என்று மஞ்சள் வழிந்து உள்ளங்கால் வரை இறங்கியிருந்தது. கண்ணின் வெள்ளை இருக்க வேண்டிய இடத்தில் அரைத்த மஞ்சள் இருந்தது. ஷாஜகான் குழந்தையின் உள்ளங்காலைக் கையில் பிடித்தபடி ஒரு கணம் நின்றார். பிறகு ரத்தம் மாற்ற ஏற்பாடு செய்யச் சொல்லிக் கத்திக்கொண்டே குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓடினார்.

அறையில் கணவனும் மனைவியும் மட்டும் நின்றார்கள். குழந்தை போன வழியைப் பார்த்துக்கொண்டிருந்த தணிகைவேல் தலையைத் திருப்பி ஆவுடையைப் பார்த்தான். பார்த்தவன் கண்ணை எடுக்கவில்லை. அவள் முகத்தில் ஆரம்பித்துக் கழுத்து, கைகள் என்று அவன் பார்வை இறங்கியது. அவள் நன்றாகக் கறுத்தவள். அவன் கோதுமை நிறம்.

"நீ முன்னாடியே சொல்லியிருக்கலாம்" என்றான்.

"எதை? காமாலையையா? எனக்கே இப்பத்தானே தெரியும்?"

"அதைச் சொல்லல."

அவளுக்குப் புரிந்தது. கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

"மறுபடியும் போட்டுரு ஆவுடை" என்றான் தணிகைவேல், வேறு பக்கம் பார்த்துக்கொண்டு. "கண்ணு கூசுது."

அவள் இமைகளை மூடித் திறந்தாள். இருவரும் காபி நிறமானார்கள். அவன் மூச்சு விட்டது அவளுக்குக் கேட்டது.

பாரு பிழைத்தாள். ஆனால் மஞ்சள் அதற்குள் மூளைக்குப் போயிருந்தது. அவளுக்குக் காது கேட்காது. கையும் காலும் அவள் சொல்படி கேட்காமல் முறுக்கிக்கொள்ளும். கண்களை மேலே தூக்கிப் பார்க்க வராது. எதிரே நிற்பவர் குனிந்தால்தான் அவளுக்கு முகம் தெரியும். தணிகைவேல் அவளைக் குளிப்பாட்டினான், ஊட்டினான், தோளில் போட்டுக்கொண்டு நடந்தான். நல்ல தகப்பன் என்று அக்கம்பக்கத்தில் பெயர் வாங்கினான். ஆவுடையிடம் அவன் குரலை உயர்த்தியதே இல்லை. அவள் கை அவன்மேல் பட்டால் மட்டும், ஏதோ ஞாபகம் வந்தவன்போல எழுந்து போவான்.

ஆவுடை மறுபடியும் நிரலுக்கு முன்னால் உட்கார்ந்தாள். சமநிறத்தை எடுத்துவிடச் சொல்லி எழுதிக் கொடுத்தாள். சட்டத்தைத் திரும்பப் பெற முடியாது, வேண்டுமானால் திருத்துங்கள் என்றார்கள். திருத்தினாள். குழந்தை பிறந்ததும் அதன் உண்மை நிறத்தை வில்லை அளந்து ஓர் எண்ணாக வைத்துக்கொள்ளும். வெளுப்புக்கு ஒன்றில் தொடங்கி, கறுப்புக்கு நூறு வரை. பெரியவர்களுக்கும் அப்படியே. அந்த எண்ணுக்கு அடிநிறம் என்று பெயர். பின்னால் உடம்பு மஞ்சளாகவோ நீலமாகவோ மாறினால், அடிநிறத்தோடு ஒப்பிட்டு வில்லை எச்சரிக்கும்.

"எண் டாக்டருக்கு மட்டும் தெரிஞ்சாப் போதும்" என்றாள்.

நிவேதன் மெதுவாகச் சொன்னான். "வீட்டுல குழந்தையை வெச்சிருக்கறது டாக்டர் இல்லையே மேடம், அம்மாதானே? அன்னிக்கு உங்க கண்ணுக்கு ஒரு எண் தெரிஞ்சிருந்தா?"

அவள் கையெழுத்துப் போட்டாள்.

எண்ணை எங்கே வைப்பது என்று நிவேதன் மாதக்கணக்கில் யோசித்தான். கடைசியில் ஒவ்வொருவரின் இடது தோளுக்கு மேலும் சின்னதாக, கண்ணை உறுத்தாத எழுத்தில் வைத்தான். உடம்பு நன்றாக இருந்தால் பச்சை. மாறினால் சிவந்து துடிக்கும். மிக நல்ல வடிவமைப்பு அது. கிராமத்துத் தாய்க்கும் புரிந்தது. சிவப்பைப் பார்த்ததும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். காமாலையில் குழந்தைகள் சாவது ஏறக்குறைய நின்றேபோயிற்று. ஷாஜகான் அவளைத் தேடி வந்து இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு அழுதார்.

ஆனால் எண், நோய் இல்லாதபோதும் அங்கேயே இருந்தது.

தமிழில் மாநிறம் என்று ஒரு சொல் உண்டு. கறுப்பு என்று சொல்ல வாய் வராதவர்கள் சொல்வது. கோதுமைக்குக் கொஞ்சம் கீழே தொடங்கி எதுவரை போகும் என்று யாரும் கோடு போட்டதில்லை. தரகர்கள் சொன்னார்கள், அத்தைகள் சொன்னார்கள், பெற்ற தாய் சொன்னாள். அந்த ஒரு சொல்லுக்குள் எத்தனையோ பெண்கள் ஒண்டிக்கொண்டு காலத்தை ஓட்டியிருக்கிறார்கள். எண் வந்ததும் அந்தச் சொல்லுக்கு வேலை இல்லாமல் போயிற்று. மாநிறம் என்று யாராவது சொன்னால், "அதென்ன மாநிறம்? நம்பரைச் சொல்லுங்க" என்றார்கள். வரன் தேடுகிறவர்கள் 'நாற்பதுக்குள்' என்று கூசாமல் போட்டார்கள். பள்ளியில் பிள்ளைகள் ஒருத்தியை 'தொண்ணூறு' என்று கூப்பிட்டார்கள். ஆசிரியரும் ஞாபகப் பிசகாக ஒருநாள் அப்படியே கூப்பிட்டார். முன்பெல்லாம் தோலைப் பார்க்கிறவனுக்கு, பார்த்துவிட்டோமே என்று சின்னதாக ஒரு வெட்கமாவது இருந்தது. எண்ணைப் படிப்பதில் என்ன வெட்கம்?

தெருவில் எதிரே வருகிறவர்களின் கண் முதலில் தன் இடது தோளுக்குப் போய்விட்டு முகத்துக்கு வருவதை ஆவுடை கவனித்தாள். பிறகு கவனிப்பதை விட்டுவிட்டாள். நிவேதனிடம் போய், எண்ணை மறைக்கச் சொன்னாள்.

"மறைச்சா அம்மாக்கள் பாக்கறதை விட்டுருவாங்க மேடம். குழந்தைங்க சாகும். நீங்க சொல்லுங்க, எடுத்துரவா?"

அவன் ஏளனமாகக் கேட்கவில்லை. உண்மையிலேயே கேட்டான். அவளால் எடு என்று சொல்ல முடியவில்லை.

பாரு சக்கர நாற்காலியில் உட்காரும் அளவுக்கு வளர்ந்த பிறகு, ஒரு காலை நேரம், ஆய்வுக்கூடத்து வரவேற்பறையில் ஒரு பெண் ஆவுடைக்காகக் காத்திருந்தாள். கனிமலர் என்று பெயர் சொன்னாள். செங்கல்பட்டுப் பக்கம். மடியில் பிறந்து சில நாளே ஆன குழந்தை. ஆவுடையைப் பார்த்ததும் எழுந்து, குழந்தையோடு குனிந்து அவள் காலைத் தொடப் போனாள்.

"ஐயோ, என்னம்மா இது?"

"நீங்க இல்லன்னா என் பையன் இல்ல மேடம். பொறந்த நாலாம் நாள் நம்பர் செவந்து செவந்து அடிச்சுது. தூக்கிட்டு ஓடினோம். இப்ப என்னா ஓட்டம் ஓடறான் தெரியுமா? ஒரு எடத்துல நிக்கமாட்டான்."

ஆவுடையிடம் இப்படி ஒருத்தி நேரில் வந்து சொன்னது அதுவே முதல் தடவை. "இது ரெண்டாவதா?"

"ஆமா மேடம். பொண்ணு." கனிமலர் வாசல் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "இவ விஷயமாத்தான் வந்தேன். வெளிய ஒரு கடையில நம்பரைக் கொறைச்சுக் குடுக்கறாங்க. நாங்களும் கொறைச்சோம். ஆனா நிக்கல. ரெண்டு நாள் ஆனா திரும்ப ஏறிடுது. மறுபடியும் போய் நிக்கணும். நீங்க போட்டா அப்படியே நிக்குமில்ல?"

அப்போதுதான் ஆவுடை குழந்தையின் தோளுக்கு மேலே பார்த்தாள். முப்பத்தாறு. பச்சை.

"நம்பரைப் பொய்யா மாத்தினா நோயைக் காட்டாதும்மா. எதோட ஒப்பிடறதுன்னு அதுக்குத் தெரியாது. காமாலை வந்தாலும் பச்சையாவே நிக்கும்."

"தெரியும் மேடம். கடைக்காரரும் சொன்னாரு."

"தெரிஞ்சுமா?"

"நோய் வந்தா வரும், வராமலும் போவும். இது சாவற வரைக்கும் தோள் மேலயே நிக்குதே."

"உம் பையனைக் காப்பாத்தினது இதுதானேம்மா?"

"அவன் பையன் மேடம்" என்றாள் கனிமலர், இதுகூடத் தெரியாதா என்பதுபோல.

குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. இவ்வளவு பேச்சுக்கும் அது அசையவில்லை. "பால் குடிக்குதா?" என்று ஆவுடை கேட்டாள்.

"ரெண்டு வாய் குடிச்சிட்டுத் தூங்கிடுவா. சமத்து."

ஆவுடை இமைகளை இறுக மூடித் திறந்தாள்.

நல்ல கறுப்புக் குழந்தை. கறுத்த தோலில் மஞ்சள் எளிதில் தெரியாது. ஆவுடை கட்டைவிரலை அதன் நெற்றியில் வைத்து அழுத்தி எடுத்தாள். ரத்தம் விலகிய அந்த ஒரு நொடியில், விரல் பட்ட இடம் மஞ்சளாக இருந்தது. மார்பில் அழுத்தினாள். அங்கேயும் மஞ்சள். வயிற்றிலும்.

அடுத்து என்ன செய்தாள் என்று அவளுக்கே சரியாக நினைவில்லை. குழந்தையைப் பிடுங்கிக்கொண்டு ஓடினாள். பின்னால் கனிமலர் அலறிக்கொண்டு வந்தாள். ஷாஜகானின் மருத்துவமனை அடுத்த தெருவில்தான் இருந்தது. சுட்டெரிக்கிற வெயிலில் செருப்பு கழன்றதும் தெரியாமல் அவள் ஓடுவதைப் பார்த்து, பிள்ளை பிடிக்கிறவள் என்று நினைத்து இரண்டு பேர் துரத்தினார்கள்.

ரத்தம் எடுத்தார்கள். குழந்தையை நீல விளக்குகளுக்கு அடியில் கிடத்தினார்கள். அந்த நீல ஒளி தோலுக்குள் புகுந்து மஞ்சளைக் கரைத்து வெளியேற்றும். சாயங்காலம் ஷாஜகான் வெளியே வந்தார். முகத்தில் பல வருடம் குறைந்திருந்தது.

"சரியான நேரத்துல கொண்டாந்தீங்க. மூளைக்குப் போகல. நாளைக்கு இந்நேரம் ஆகியிருந்தா…" என்றவர், பாருவை நினைத்து நிறுத்திக்கொண்டார். "அடிநிறத்தை யாரோ மாத்தி வெச்சிருக்காங்க. பழையபடி சரி பண்ணியாச்சு. இனி யாரும் தொட முடியாதபடி பூட்டியும் வெச்சாச்சு."

கனிமலர் கண்ணாடிக்கு இப்பால் நின்று குழந்தையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஆவுடை பக்கத்தில் போய் நின்றாள். ஓடியதில் கால் கொப்பளித்து எரிந்தது. இத்தனை வருடத்தில் முதல் முறையாக அவளுக்கு மனசு லேசாக இருந்தது. கனிமலரின் தோளில் கை வைத்தாள்.

"பயப்படாத. பொழைச்சிருச்சு. காது நல்லாக் கேக்கும். நடக்கும், ஓடும். உன் பையன் மாதிரியே."

கனிமலர் திரும்பவில்லை. கண்ணாடிக்கு அப்பால், குழந்தையின் சின்னத் தோளுக்கு மேலே, எண்பத்தேழு என்ற எண் சிவப்பு தணிந்து திடமான பச்சையில் நின்றது. அவள் கண் அதிலேயே இருந்தது. கண் நிறைந்து வழிந்தபோதும் அவள் துடைத்துக்கொள்ளவில்லை.

"பொழைச்சு, மேடம்?" என்றாள்.

ஆவுடை வாயைத் திறந்தாள். உள்ளே நீல வெளிச்சத்தில் குழந்தை விழித்துக்கொண்டது. கையையும் காலையும் பலமாக உதறி, தொண்டை கிழியப் பசிக்கு அழ ஆரம்பித்தது.